மகா எலியவில் மரை பார்க்கப் போனோம்

மலையகத்திலே பிறந்து, மலையகத்துக் குளிரிலே வளர்ந்தவர்கள் நாம். ஆயினும், நம் தலைக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்கும் எல்லைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதை நேரில் கண்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? கொழும்பிலிருந்தும் கடல் கடந்த தேசங்களிலிருந்தும் ஆயிரமாயிரம் பேர் ஆண்டுதோறும் வந்து பார்த்துப் போகும் ஹோர்ட்டன் சமவெளியை, அதன் அடிவாரத்தில் வாழும் நாம், "அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒத்திப்போட்டே காலத்தைக் கழித்து விடுகிறோம். நானும் அவ்வாறு கழித்தவன்தான். ஹட்டனில் இருபது ஆண்டுகள் ஆசிரியத் தொழில் புரிந்த பின்னரே, சென்ற மாசி மாதத்தில், அங்கே செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அதுவும் என் சகோதரியின் பிள்ளைகள் இருவரும் பிடித்த பிடியை விடாமல் நின்றதனால்தான்.

மருமகளுக்கு வயது பதினைந்து, மருமகனுக்குப் பத்து. தெஹிவளை மிருகக்காட்சிச் சாலையைப் பார்த்துவிட்டு வந்த நாள் முதல் சிறுவனுக்கு ஒரே ஏக்கம். "மாமா, கூண்டில் இல்லாத மிருகம் ஒன்றைப் பார்க்க வேண்டும்" என்பான். அந்த ஆசையில் பிழை காண என்னால் முடியவில்லை. ஒரு சனிக்கிழமை அதிகாலை மூன்று மணிக்கு மூவரும் புறப்பட்டோம்.

தலவாக்கலையைக் கடக்கும்போது ஊர் உறங்கிக் கொண்டிருந்தது. நானுஓயாவை அண்டியபோது, மலைச்சரிவுகளில் லயங்களின் அடுப்பு வெளிச்சம் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கியது. பொழுது விடிந்து பெரட்டுக்குப் போவதற்கு முன்னர் ரொட்டி தட்டி, பிள்ளைகளுக்குத் தேநீர் வைத்து முடிக்க வேண்டிய தாய்மார் எழுந்துவிட்டனர். நுவரெலியாவையும் அம்பேவெலவின் புல்வெளிகளையும் தாண்டிப் பட்டிப்பொலவை அடைந்தோம். இலங்கையின் புகையிரத நிலையங்களுள் மிக உயரத்தில் உள்ளது இதுவே. அங்கே எங்கள் வழிகாட்டி வண்டியில் ஏறிக்கொண்டார். பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த இளைஞர்; அதிகம் பேசாதவர். ஏறி அமர்ந்ததும் அவர் கேட்ட முதற் கேள்வி, "ஐயா, சாப்பாடு எதில் கட்டி வந்திருக்கிறீர்கள்?" என்பது.

அக்கேள்வியின் பொருள் வனஜீவராசிகள் திணைக்களத்தாரின் வாயிலில் விளங்கியது. அங்கே உத்தியோகத்தர்கள் பைகளைத் திறந்து பார்த்து, பொலித்தீன் உறைகள் யாவற்றையும் அகற்றிய பின்னரே உள்ளே விடுகின்றனர். தண்ணீர்ப் போத்தல்களில் ஒட்டியிருக்கும் மெல்லிய தாள் கூடத் தப்புவதில்லை. எங்கள் சோற்றுப் பொதிகள் வாழையிலையில் இருந்தமையால் பிழைத்தன. மருமகனுடைய பிஸ்கோத்து மட்டும் தன் பளபளப்பான உறையை இழந்து, ஒரு கடதாசிப் பைக்குள் இடம் மாறிற்று.

வாயிலைக் கடந்ததும் காடு சட்டென்று விலகியது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்தில், பொன்னிறப் புல் போர்த்த பெருவெளி ஒன்று எங்கள் முன் விரிந்து கிடந்தது. இரவில் விழுந்த உறைபனி புல்லின் நுனிகளில் உப்பைத் தூவியது போல மின்னிற்று. பள்ளங்களில் வெண்மூட்டம் தேங்கி நின்றது. மேடுகளில் குட்டையாய் முறுகி வளர்ந்த மரங்கள் தாடி போன்ற பாசியைத் தொங்கவிட்டு நின்றன. சிங்கள மக்கள் இவ்விடத்தை மகா எலிய என அழைப்பர். பெருவெளி என்பது பொருள். 1830களில் இலங்கையின் தேசாதிபதியாக இருந்த சேர் ரொபர்ட் வில்மட் ஹோர்ட்டனின் பெயரை ஆங்கிலேயர் இதற்குச் சூட்டினர். மகாவலி, களனி, வளவை என்னும் மூன்று நதிகளுக்கும் இங்கிருந்தே நீர் புறப்படுகிறது.

இவ்வெளி எவ்வாறு தப்பியது என்பதை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் நம் முன்னோரின் கைகளைக் கொண்டு மலைக்காடுகள் வெட்டி வீழ்த்தப்பட்டன. அந்த வேகத்தில் உச்சிகளும் மொட்டையாகியிருக்கும். 1873ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் கியூ தாவரவியற் பூங்காவின் அதிபராயிருந்த ஜோசப் ஹூக்கர், ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடாது விடவேண்டுமென ஆலோசனை கூறினார். உச்சிக்காடு அழிந்தால் ஊற்றுகள் வற்றும் என்பது அவ்வாலோசனையின் சாரம். 1969இல் இவ்விடம் காப்பிடமாகவும், 1988இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைத் தலத்தின் ஓர் அங்கமாக யுனெஸ்கோ இதனை ஏற்றுக்கொண்டது.

காடு தப்பியது, ஆனால் மிருகங்கள் பட்ட பாடு வேறு. 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர், பிற்காலத்தில் நைல் நதியின் ஊற்றைத் தேடிச் சென்று புகழ் பெற்றவர். அவர் இப்பகுதிகளில் வேட்டை நாய்க் கூட்டத்துடன் மரைகளைத் துரத்தி வேட்டையாடினார். அதைப் பற்றி நூலும் எழுதினார். இங்குள்ள அழகிய நீர்வீழ்ச்சி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அக்காலத்தில் யானைகளும் இவ்வுயர் வெளிகளில் உலவின. இன்று ஒன்று கூட இல்லை. எஞ்சியது மரைதான்.

மரை என்று நாம் இலங்கையில் வழங்கும் இம்மிருகத்தைத் தமிழ்நாட்டில் கடமான் என்றும் மிளா என்றும் கூறுவர். இலங்கையின் மான் இனங்களுள் பெரியது. வளர்ந்த ஆண் இருநூறு கிலோவுக்கு மேல் நிறையுடையது. கழுத்தில் பிடரிமயிர் அடர்ந்திருக்கும். பக்கத்துக்கு மூன்று கிளைகளாகப் பிரியும் கொம்புகளை ஆண்டுக்கொரு முறை உதிர்த்துவிட்டு மீண்டும் வளர்த்துக்கொள்ளும். மற்றக் காடுகளில் தனித்தும் ஒளிந்தும் வாழும் இம்மிருகம், இங்கே மாலையிலும் விடியலிலும் கூட்டங் கூட்டமாகத் திறந்த புல்வெளிக்கு வருகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவை இங்கு வாழ்வதாகக் கணக்கிட்டுள்ளனர். அவற்றை நாடி வரும் சிறுத்தையே இக்காட்டின் அரசன்.

வண்டிகள் நிறுத்தும் இடத்தை அடைந்தோம். முன்னாளில் வேட்டைக்கு வரும் துரைமார் தங்கிய விடுதி, இன்று வருவோருக்கு விளக்கம் தரும் நிலையமாக மாறியிருக்கிறது. வண்டியை விட்டு இறங்கியதும் மருமகன் மூச்சை அடக்கிக்கொண்டு என் கையைப் பற்றினான். பத்தடி தூரத்தில் ஒரு பெரிய ஆண் மரை! கொம்புகளில் பனிநீர் சொட்ட, கரிய பெரிய கண்களால் எங்களைப் பார்த்தபடி நின்றது. பார்த்ததோடு நில்லாமல் நேராக எங்களை நோக்கி நடந்து வந்தது. மூக்குத் துவாரங்கள் விரிந்து சுருங்கின. சிறுவனின் கை அவனை அறியாமலே கடதாசிப் பைக்குள் நுழைந்து, ஒரு பிஸ்கோத்தை எடுத்து நீட்டியது.

"தம்பி, வேண்டாம். கையை மடக்கிக்கொள்ளுங்கள்."

வழிகாட்டி உரத்துப் பேசவில்லை. ஆனால் குரலில் உறுதியிருந்தது. எங்கள் மூவரையும் மெல்லப் பின்னுக்கு நகர்த்தினார். மரை சற்று நேரம் நின்று பார்த்தது. பின்னர், அப்போதுதான் வந்து நின்ற வேறொரு வண்டியை நோக்கித் திரும்பி நடந்தது.

மருமகனுக்குக் கோபம். "பசியோடு வந்தது, பாவம்! ஒன்றே ஒன்றுதானே?" என்றான்.

"ஒன்றே ஒன்று என்றுதான் எல்லோரும் கொடுக்கிறார்கள், தம்பி. ஒரு நாளைக்கு இங்கே எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு, நடந்தபடியே அவர் விளக்கினார். மரை அசைபோடும் விலங்கு. அதன் வயிறு புல்லுக்கும் இலைக்கும் அமைந்தது. மாவும் சீனியும் அவ்வயிற்றுக்கு ஒவ்வா. உப்பும் இனிப்பும் பட்ட பொலித்தீன் உறையை அது உணவென்று எண்ணி விழுங்கிவிடும். விழுங்கிய உறை சீரணிக்காது; முன்னே நகரவும் மாட்டாது. இரைப்பையில் சுருண்டு கிடந்து, உண்பதற்கு இடமில்லாமற் செய்யும். வயிறு நிறைந்தது போலத் தோன்ற, உடல் மெலிந்து மிருகம் மடியும். இதற்கும் மேலாக, மனிதனைக் கண்டால் ஓட வேண்டும் என்ற பாடத்தை அது மறந்து போகிறது. கையில் உணவோடு வருபவனுக்கும் சுருக்குக் கம்பியோடு வருபவனுக்கும் பேதம் அதற்குத் தெரியாது.

"கூண்டில் இல்லாத மிருகம் பார்க்க வந்தீர்கள் அல்லவா? வாருங்கள், காட்டுகிறேன்" என்றார்.

சுற்றி வரும் ஒன்பது கிலோமீற்றர் நடைபாதையில் இறங்கினோம். பாதையை விட்டு ஓரடியும் விலகலாகாது என்பது இங்குள்ள சட்டம். காட்டோரத்தில் செந்நிறப் பூக்கள் மலர்ந்த மரமொன்றைக் காட்டினார். சிங்களத்தில் மகா ரத்மல் என்பர். கிளைகளின் உள்ளிருந்து கரடுமுரடான குரலொன்று எழுந்தது. இம்மலைக்கே உரிய, குளிருக்கென அடர்ந்த மயிர் கொண்ட மந்தி அது என்றார். தேவாங்கு ஒன்றும் இக்காடுகளில் உண்டு. 1939 முதல் 2002 வரை எவர் கண்ணிலும் படாமையால் அழிந்தே போயிற்று என எண்ணப்பட்டிருந்த அச்சிற்றுயிர், 2009இல் முதன்முறையாகப் புகைப்படத்தில் அகப்பட்டது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒருவர் கண்ணிலும் படாமல் ஓர் உயிரால் வாழ முடிந்தது என்ற செய்தி மருமகளை வெகுவாகக் கவர்ந்தது.

ஒரு திருப்பத்தில் வழிகாட்டி கையை உயர்த்தினார். நின்றோம். முதலில் எதுவும் தெரியவில்லை. மூட்டம் மெல்ல விலகியபோது, ஏறத்தாழ இருநூறு மீற்றருக்கு அப்பால், காட்டின் விளிம்பில், பழுப்பு நிறக் கற்கள் போலக் கிடந்தவை அசைந்தன. ஏழு பெண் மரைகள். அவற்றிடையே ஒரு கன்று. சற்று ஒதுங்கி, நெஞ்சளவு புல்லில் ஓர் ஆண். வண்டிகள் நிற்குமிடத்தில் கண்ட அதே இனந்தான். ஆயினும் வேறொரு பிராணியைப் பார்ப்பது போலவே இருந்தது. எதையும் எவரிடமும் எதிர்பாராத ஒரு கம்பீரம் அவற்றின் நிற்பிலும் நடப்பிலும் இருந்தது.

இன்னும் தெளிவாகக் காணும் ஆவலில் பாதை வழியே முன்னேறினோம். பத்தடி வைத்திருப்போம். விளிம்பில் நின்ற பெண் மரை தலையை நிமிர்த்தியது. காதுகள் எங்கள் பக்கம் திரும்பின. வால் உயர்ந்தது. முன்னங்காலால் நிலத்தை ஒருமுறை தட்டியது. மற்ற ஆறும் மேய்வதை நிறுத்தின. கன்று தாயின் பக்கம் ஒண்டியது.

"இரண்டடி பின்னுக்கு வாருங்கள்" என்று வழிகாட்டி கிசுகிசுத்தார். "அது தலை நிமிர்ந்தால் நாம் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டோம் என்று பொருள். இன்னும் ஓரடி வைத்தால் குரல் கொடுக்கும். கூட்டம் முழுதும் காட்டுக்குள் போய்விடும்."

பின்வாங்கினோம். அசையாமல் நின்றோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் காதுக்குள் இரத்தம் ஓடும் ஓசை கேட்டது. பெண் மரை எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தது. பின்னர் அதன் வால் தாழ்ந்தது. தலை குனிந்தது. புல்லைக் கவ்வும் சத்தம் அந்த நிசப்தத்தில் எங்களுக்குக் கேட்டது போலவே இருந்தது. கன்று தாயின் மடியை முட்டிப் பால் குடிக்கத் தொடங்கிற்று. அரை மணி நேரம் அவ்வாறே நின்று பார்த்தோம். அந்த அரை மணி நேரத்தில் மருமகன் ஒரு சொல்லும் பேசவில்லை. அவனை அறிந்தவர்கள் இதன் பெருமையை உணர்வார்கள்!

தலை நிமிர்ந்தால் பின்வாங்கு என்னும் இவ்விதி நம் மலைநாட்டுக்கு மட்டும் உரியதன்று. வீடு திரும்பிய பின்னர் நூல்களைப் புரட்டியபோது, சீல் என்னும் கடல்நாய்களைக் காணச் செல்வோருக்கும் இதையே போதிக்கின்றனர் என அறிந்து வியந்தேன். கரையில் கிடக்கும் சீல் தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தால், நீங்கள் பின்வாங்க வேண்டும். அதற்கும் நீருக்கும் இடையே ஒருபோதும் நுழையலாகாது. அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரையில் அன்யோ நுவேவோ என்றோர் இடம் உண்டு. யானைச் சீல் எனப்படும் பேருருவ விலங்குகள் மாரிக்காலத்தில் அங்கே வந்து குட்டி ஈனும். அப்பருவத்தில் வழிகாட்டியுடன் அன்றி எவரும் அவற்றைப் பார்க்கச் செல்ல முடியாது.

அந்த யானைச் சீல்களின் வரலாறு நம் மரையின் வரலாற்றை ஒத்திருக்கிறது. எண்ணெய்க்காக அவற்றைக் கொன்று குவித்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் அந்த இனமே ஒழிந்தது என்று கருதினர். மெக்சிக்கோவுக்குச் சொந்தமான குவாடலூப்பே என்னும் தீவில் மட்டும் ஒரு சிறு கூட்டம் எஞ்சியிருந்தது. 1922இல் மெக்சிக்கோ அரசு அவற்றுக்குக் காப்பளித்தது. இன்று அவை ஒன்றரை இலட்சத்துக்கும் மேல்! மனிதன் சற்றே விலகி நின்றால் போதும். மற்றதை இயற்கை பார்த்துக்கொள்ளும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நடைபாதை எங்களை உலக முடிவு என்னும் செங்குத்தான பாறை விளிம்புக்குக் கொண்டு சென்றது. ஏறத்தாழ 870 மீற்றர் ஆழம். ஒன்பது, பத்து மணிக்குள் மூட்டம் ஏறி யாவற்றையும் மறைத்துவிடும். நாங்கள் அதற்கு முன்பே சென்றடைந்தோம். கீழே, மிகக் கீழே, தேயிலையின் பச்சை. அதன் நடுவே தீப்பெட்டிகளை அடுக்கியது போல ஒரு லய வரிசை. அதற்கும் அப்பால் தெற்கே தாழ்நிலம் புகையாய்ப் பரந்து கிடந்தது.

அங்கே அமர்ந்து சோற்றுப் பொதியை அவிழ்த்தபோதுதான் வழிகாட்டி தம் கதையைச் சொன்னார்.

"என் தகப்பனார் சுருக்கு வைத்தவர், ஐயா. லயத்துக்குப் பின்னால் கொஞ்சம் மரக்கறி போட்டிருந்தோம். பன்றி வந்து ஒரே இரவில் கிளறிவிட்டுப் போய்விடும். தோட்டத்துச் சம்பளத்தில் ஆறு பேர் சாப்பிட வேண்டும். பன்றி விழுந்தால் இறைச்சியும் ஆயிற்று, பயிரும் பிழைத்தது. அதைத் தப்பென்று அன்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கம்பிக்குப் பன்றி எது, மரை எது, சிறுத்தை எது என்று தெரியாதே!"

2020ஆம் ஆண்டு மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் சுருக்கில் அகப்பட்ட கருஞ்சிறுத்தையை அவர் நினைவூட்டினார். காண்பதற்கு அரிய அவ்விலங்கை உயிரோடு மீட்டு, உடவளவைக்குக் கொண்டு சென்று சிகிச்சை அளித்தார்கள். ஆயினும் மூன்று நாட்களில் அது இறந்துபோயிற்று. அச்செய்தியை நம்மில் பலரும் வாசித்திருப்போம், வாசித்துவிட்டு மறந்துமிருப்போம்.

"அன்று இரவு தகப்பனார் சாப்பிடவில்லை. மறுநாள் காலை தாம் வைத்த கம்பிகளைத் தாமே போய் அவிழ்த்து வந்தார். ஒன்பது கம்பிகள். மரக்கறிப் பாத்தியைச் சுற்றி வேலி அடைத்தோம், அதற்குக் கடன்பட்டோம். நான் இந்த வேலைக்கு வந்து அந்தக் கடனைத் தீர்த்தேன். ஒரு மரையைக் கொன்றால் ஒரு நாள் சாப்பிடலாம், ஐயா. உயிரோடு விட்டால், அதைக் காட்டி வருடம் முழுதும் சாப்பிடலாம். இது பெரிய ஞானம் ஒன்றுமில்லை, கணக்கு."

அவர் அதனைக் கணக்கு என்றார். எனக்கு அது வெறுங் கணக்காகத் தோன்றவில்லை. காட்டு விலங்கு வாழ வேண்டுமாயின், அதன் அயலில் வாழும் மனிதனும் வாழ வேண்டும். பசித்த வீட்டுக்கு முன் நின்று மிருக தயையைப் போதிப்பதில் பயனில்லை. ஆனால் பசியைத் தீர்க்கும் வேறொரு வழி கிடைத்தபோது, தானே சென்று கம்பியை அவிழ்த்த கை நம் தோட்டத்துத் தொழிலாளியின் கை என்பதை எண்ணி மனம் நிமிர்ந்தது.

திரும்பி வந்தபோது நண்பகலாகிவிட்டது. காலையில் கண்ட அந்த ஆண் மரை இன்னும் வண்டிகளுக்கிடையே நின்றது. ஒருவர் கையால் ஏதோ ஊட்ட, மற்றொருவர் படம் பிடித்துக் கொண்டிருந்தார். வழிகாட்டி அவர்களிடம் சென்று பணிவோடு ஏதோ கூறினார். மரை எங்களை நோக்கித் திரும்பியது. மருமகன் தன் கடதாசிப் பையைச் சுருட்டிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, விறுவிறென்று வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். அவன் கண்கள் கலங்கியிருந்ததைக் கண்டும் காணாதவன் போல இருந்தேன். அன்பினால் கொடுப்பது எளிது. அன்பினால் கொடாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பதை அவன் பத்து வயதில் கற்றுக்கொண்டான்.

அங்கே செல்ல விரும்பும் குடும்பத்தினருக்கும் மாணவர்களுக்கும் சில வார்த்தைகள். தை முதல் பங்குனி வரையுள்ள மாதங்கள் ஏற்றவை; அப்போது மழை குறைவு. விடியலில் வாயிலை அடைந்துவிடுங்கள். கம்பளிச் சட்டையை மறவாதீர்கள். சோற்றை இலையில் கட்டுங்கள். பாடிக்கொண்டும் கூவிக்கொண்டும் நடப்பவர்களுக்குப் புல் மட்டுமே தெரியும். அப்பக்கத்து வழிகாட்டி ஒருவரை அமர்த்திக் கொள்ளுங்கள். நீங்கள் தரும் கூலி ஒரு சுருக்குக் கம்பியையேனும் அவிழ்க்கக் கூடும்.

அன்றிரவு வீடு திரும்பியதும் சகோதரி ஆவலோடு கேட்டாள்: "மரையைப் பக்கத்தில் பார்த்தாயா?"

மருமகன் சிறிது யோசித்தான். "தூரத்தில்தான் அம்மா பார்த்தோம்" என்றான். "ஆனால் அதுவும் எங்களைப் பார்த்தது. பார்த்துவிட்டு, பயப்படாமல் மறுபடியும் மேய்ந்தது."